பழைய வேனில் ஆயில் கூலர் ஒழுகினால்: கூலரை மாற்றும் முன் பார்க்க வேண்டியவை

நெடும்பயணம் போகும் பழைய வேனுக்கு அடியில் எண்ணெய்ச் சொட்டு தெரிந்தால், "கூலரையே மாத்திடுங்க" என்ற யோசனைதான் முதலில் வரும். பல வண்டிகளில் அதற்குத் தேவையே இருக்காது. எஞ்சின் எண்ணெயைக் குளிர்விக்கும் இந்தக் கூலருக்கும் எஞ்சினுக்கும் நடுவே இருக்கும் ரப்பர் ஓ-ரிங் வருடக்கணக்கில் சூடேறி, தட்டையாகி, விறைத்துப்போயிருக்கும். மாற்ற வேண்டியது அது மட்டும்தான். ஆகவே கசிவது எது என்று உறுதிப்படுத்தாமல் எந்தப் பாகத்தையும் வாங்காதீர்கள்.

ஓடும் வண்டியில் காற்று எண்ணெயைப் பின்னால் தள்ளிவிடும். சொட்டும் இடம் ஒன்று, ஒழுகும் இடம் வேறொன்று. எஞ்சினை டிகிரீசர் (எண்ணெய்ப் பிசுக்கை நீக்கும் திரவம்) போட்டுக் கழுவி, நன்றாகக் காயவைத்து, சந்தேகப்படும் இடங்களில் முகப்பவுடரைத் தூவுங்கள். இருபது நிமிடம் ஓட்டிவிட்டு வந்து டார்ச் அடித்துப் பார்த்தால், ஈரமான இடங்களில் எது மிக உயரத்தில் இருக்கிறதோ அங்கேதான் கசிவு தொடங்குகிறது. வால்வு கவர் கேஸ்கெட்டும் ஆயில் பிரஷர் சுவிட்சும் கசிந்து, எண்ணெய் கூலர் மேல் வழிந்து ஏமாற்றுவது சாதாரணம். மெர்சிடிஸ் ஸ்ப்ரின்டரில் வந்த 3.0 லிட்டர் வி6 டீசல் எஞ்சினில் கூலர் இரண்டு சிலிண்டர் வரிசைகளுக்கும் நடுவே உட்கார்ந்திருக்கிறது. அதன் சீல் கசிந்தால் எண்ணெய் பின்பக்கமாக இறங்கி கியர்பாக்ஸ் இணைப்பில் சொட்டும். கிராங்க்‌ஷாஃப்ட்டின் பின்பக்க சீல் போய்விட்டது என்று நினைத்து கியர்பாக்ஸைக் கழற்றுவார்கள். அது வீண் வேலை.

எண்ணெய் வெளியே சொட்டாமல், கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் நீர்) டேங்கில் பழுப்பான பசை மிதந்தால் சங்கதி வேறு. தண்ணீரால் குளிரும் தகட்டுக் கூலர் உள்ளுக்குள் ஓட்டையாகியிருக்கலாம். சாலையில் ஓடும்போது எண்ணெய் அழுத்தம் பொதுவாக 2 முதல் 5 பார் வரை இருக்கும்; கூலன்ட் பக்கம் 1 முதல் 1.5 பார்தான். அதனால் எண்ணெய் கூலன்டுக்குள் போகிறது. எஞ்சினை அணைத்ததும் எண்ணெய் அழுத்தம் விழுந்துவிடும். கூலன்ட் அழுத்தம் கொஞ்ச நேரம் நிற்கும். அப்போது கூலன்ட் எண்ணெய்க்குள் இறங்கி பேரிங்கைத் தின்றுவிடும். இந்த நிலையில் வண்டியை ஓட்டவே கூடாது. ஹெட் கேஸ்கெட் போனாலும் இதே அறிகுறி தெரியும் என்பதால், கூலன்ட் டேங்கில் எஞ்சினின் எரிபுகை கலந்திருக்கிறதா என்று நீலத் திரவச் சோதனை செய்துவிடுங்கள். நீலம் மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினால் ஹெட் பக்கம் பாருங்கள்.

வெளிக் கசிவு என்றால் வேலை எளிது. எஞ்சின் ஆறியபின், வண்டியை ஜாக்கில் மட்டும் நிறுத்தாமல் ஸ்டாண்டில் தாங்கவைத்து, எண்ணெயை வடித்து, ஃபில்டரைக் கழற்றுங்கள். கூலன்டை முழுக்க வடிக்கத் தேவையில்லை. இரண்டு ஹோஸ்களையும் கிளாம்பால் நசுக்கிப் பிடித்துக் கழற்றினால் கொஞ்சம்தான் சிந்தும். ஃபில்டர் அடியில் இருக்கும் கூலர் பெரும்பாலும் நடுவில் ஒரே நட்டில் நிற்கும். அதைக் கழற்றியதும் கூலர் கையோடு வரும்.

ஓ-ரிங்கில்தான் அதிகம் கவனம் வேண்டும். சாதாரண நைட்ரைல் ரப்பர் 100 முதல் 120 டிகிரி வரைதான் தாங்கும். எஞ்சின் எண்ணெய் அந்த எல்லையிலேயே கொதித்துக்கொண்டிருக்கிறது. வைட்டான் என்ற ரப்பர் கிட்டத்தட்ட 200 டிகிரி வரை தாங்கும், விலையும் அப்படியொன்றும் எட்டாத உயரத்தில் இல்லை. கூலன்ட் ஹோஸில் வரும் இபிடிஎம் ரப்பரை எண்ணெய்ப் பக்கம் போடவே கூடாது, ஊறி உப்பிவிடும். நசுங்கிய பழைய வளையத்தை அளந்து புதியது வாங்கினால் மெலிதான வளையம்தான் கிடைக்கும். பள்ளத்தை அளந்து வாங்குங்கள்: வளையத்தின் தடிமனில் ஏறத்தாழ கால்பங்கு அமுங்க வேண்டும். பள்ளம் 2.7 மி.மீ. ஆழம் என்றால் 3.5 மி.மீ. வளையம் சரியாக வரும்.

உட்காரும் பரப்பைப் பிளாஸ்டிக் சுரண்டியால் சுத்தம் செய்யுங்கள். இரும்பு சுரண்டி அலுமினியத்தில் ஒரு கோடு போட்டால் போதும், புது வளையமும் கசியும். கூலர் முகம் வளைந்திருந்தால் கண்ணாடிமேல் 400 எண் உப்புத்தாளை வைத்து மெல்லத் தேய்த்துச் சமப்படுத்தலாம். வளையத்துக்கு எண்ணெய் தடவி உட்காரவைத்து, அந்த வண்டியின் மேனுவல் சொல்லும் டார்க் (முறுக்கு விசை) அளவுக்கு இறுக்குங்கள். கசிவுக்குப் பயந்து கூடுதலாக முறுக்கினால் அலுமினிய மரை பிய்ந்துவிடும். பிறகு செலவு பல மடங்கு. புது காப்பர் வாஷர் கைவசம் இல்லையென்றால் பழையதைச் சிவக்கக் காய்ச்சி ஆறவிட்டால் மீண்டும் இளகிவிடும், தாராளமாகப் போடலாம்.

ரேடியேட்டர் பக்கத்தில் தனியாக நிற்கும் காற்றுக் கூலரில் பெரும்பாலும் ஹோஸ்தான் போகும். இணைப்பைக் கழற்றும்போது ஒரு ஸ்பேனரால் கூலர் பக்க நட்டைப் பிடித்துக்கொண்டு, இன்னொன்றால் ஹோஸ் நட்டைத் திருப்புங்கள். இல்லாவிட்டால் கூலரின் வாயே முறுகி விரிசல் விடும். பழைய உலோக முனைகளை ஹைட்ராலிக் ஹோஸ் கடையில் கொடுத்தால் எண்ணெய் தாங்கும் புது ஹோஸில் அழுத்திக் கொடுப்பார்கள். முழு ஹோஸ் வாங்குவதைவிட மலிவு. பெட்ரோல் ஹோஸையோ தண்ணீர் ஹோஸையோ மாற்றாகப் போடாதீர்கள். கூலரிலேயே விரிசல் என்றால் அலுமினிய வெல்டிங் செய்பவரிடம் கொடுக்கலாம். எபாக்சி பசை, எண்ணெயில் ஊற்றும் கசிவு நிறுத்தி இரண்டுமே ஊர் போய்ச் சேரும்வரைக்கான ஏற்பாடுதான்.

தகட்டுக் கூலர் உள்ளே ஓட்டையா என்று வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு கூலன்ட் வாயை அடைத்து, மற்றதில் ஹோஸ் துண்டு மாட்டி, அதற்குள் ட்யூப்லெஸ் டயரின் ரப்பர் வால்வைச் செருகி கிளாம்ப் போடுங்கள். சைக்கிள் பம்பால் 1.5 முதல் 2 பார் வரை காற்றேற்றி, சுடுநீரில் மூழ்கடியுங்கள். சூட்டில்தான் மயிரிழை விரிசல் திறக்கும். எண்ணெய்த் துளையிலிருந்து குமிழி வந்தால் அந்தக் கூலர் ஒழிந்தது. அதைப் பழுது பார்க்க முடியாது, புதியதுதான் வேண்டும். கூலன்ட் பாதையை நுரைக்காத பாத்திரம் கழுவும் இயந்திரத் தூள் கலந்த நீரால், ஹீட்டரை முழுதாகத் திறந்து, தெர்மோஸ்டாட் திறக்கும்வரை ஓடவிட்டுக் கழுவி, தெளிந்த நீர் வரும்வரை அலசுங்கள். எண்ணெயில் கூலன்ட் கலந்திருந்தால் மலிவான எண்ணெய் ஊற்றிச் சற்று நேரம் ஓடவிட்டு வடித்து, பிறகு புது ஃபில்டரும் நல்ல எண்ணெயும்.

முதல் தடவை ஸ்டார்ட் செய்யும்போது ஆக்சிலரேட்டரை மிதிக்காதீர்கள். ஆயில் விளக்கு அணைந்தபின் பத்து நிமிடம் ஐட்லிங்கில் விட்டு, அடியில் பாருங்கள். அணைத்துவிட்டு டிப்ஸ்டிக்கையும் பாருங்கள், கூலரும் ஃபில்டரும் கொஞ்சம் எண்ணெயை இழுத்திருக்கும். கூலன்டின் காற்றை வெளியேற்றி அளவை நிரப்புங்கள். சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் ஹோஸ் கிளாம்பை மட்டும் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். கூலர் நட்டை மறுபடி தொட வேண்டாம்.