சுகமாகலைன்னா விசுவாசம் இல்லையா?

அம்மா முதுகுவலியில படுத்ததுல இருந்து வர்றவங்க எல்லாம் "விசுவாசமா ஜெபிங்க, சுகம் உண்டு"ன்னு சொல்லிட்டுப் போறாங்க, ராத்திரி வலி தாங்காம அழுதுக்கிட்டே ஜெபிக்கிறவங்ககிட்ட போய் இதைச் சொல்லலாமா? எங்க திருநெல்வேலி பக்கம் டோனாவூர்ல ஏமி கார்மைக்கேல் அம்மையார் இருந்தாங்க, தேவதாசியா விடப்பட இருந்த குழந்தைங்களைக் காப்பாத்தி வளர்த்தவங்க, 1931ல கீழ விழுந்து கால் உடைஞ்சு, 1951ல கர்த்தருக்குள்ள நித்திரையடையுற வரைக்கும் பெரும்பாலும் படுக்கையில தான், அந்த வலியோடவே புக் எழுதினாங்க, பிள்ளைங்களுக்காக ஜெபிச்சாங்க. அவங்களுக்கு விசுவாசம் கம்மின்னு யாராவது சொல்வாங்களா! அப்போஸ்தலன் பவுலும் தன் உடம்புல "முள்ளு"ன்னு சொன்ன வேதனை நீங்கணும்னு மூணு தடவை வேண்டிக்கிட்டாரு, முள்ளு போகல, அதைத் தாங்குற கிருபை தான் கிடைச்சுது. நோயாளியைப் பார்க்க வந்தா பிரசங்கம் வேண்டாங்க, பக்கத்துல உட்காருங்க, கஞ்சி வச்சுக் குடுங்க, முடிஞ்சா வேதனையில கதறுற ஜெபமான சங்கீதம் 88 வாசிச்சுக் காட்டுங்க.