தக்காளியும் நீலச் சேலையும்

ஆகஸ்ட் 3, ஞாயிறு
போச்சம்பள்ளி சந்தை. நூறு படத்துக்கு மேல் எடுத்தேன், ஒன்றும் மனதில் நிற்கவில்லை. அப்பா போன் எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 5
பாலக்கோட்டிலிருந்து ராயக்கோட்டை போகும் வழியில், வயலோரம் ஒரு மேடு முழுக்கக் கொட்டிய தக்காளி. பறிக்கிற கூலிக்கும் வண்டி வாடகைக்கும்கூடக் கட்டவில்லையாம். இரண்டு மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. உச்சி வெயிலில் சிவப்பு மட்டும் வெந்துபோய், வெறும் சாயம் கொட்டியதுபோல விழுந்தது. கேமராவில் வெளிச்சத்தை ஒரு ஸ்டாப் குறைத்த பிறகுதான் தோலின் மினுமினுப்பு, வெடிப்பு, ஈ எல்லாம் வந்தன. வயலுக்குச் சொந்தக்காரம்மா குனிந்து நல்லதாகப் பொறுக்கி வாளியில் போட்டுக்கொண்டிருந்தார். தோளில் கிழிந்த சேலை. அவருக்குத் தெரியாமல் ஒரு படம் எடுத்துவிட்டேன். பிறகுதான் கேட்டேன்.

"இரு சாமி, நல்ல சேலை கட்டிட்டு வர்றேன்."

கால்மணி நேரம் காத்திருந்தேன். நீலச் சேலை, தலையில் எண்ணெய் வைத்துச் சீவி, நெற்றியில் விபூதி. குவியல் பக்கம் நிற்கச் சொன்னேன். "அது எதுக்கு? வாசல்ல எடு." எடுத்தேன்.

முதல் படம்தான் அசத்தலாக இருக்கிறது. அதுதான் உறுத்துகிறது.

ஆகஸ்ட் 6
அழிக்கவில்லை.

ஆகஸ்ட் 8
ஒகேனக்கல். நீர்வரத்து கூடியதால் பரிசலுக்குத் தடை. கவிழ்த்து வைத்த பரிசல்கள் கரையில் வரிசையாக, கறுப்பாக. ஓட்டுகிறவர்கள் நிழலில் உட்கார்ந்து ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மீன் பொரிக்கும் அக்கா அடுப்பைப் பற்றவைக்கவே இல்லை. மஞ்சள் மசாலா தடவிய மீன் தட்டில் அப்படியே காய்ந்துகொண்டிருந்தது. அந்த மஞ்சளை எடுக்கலாமா என்று கை போனது. கேமராவைப் பைக்குள் வைத்தேன். அவரிடம் பேசிக்கொண்டிருந்ததில் மதியப் பஸ் போய்விட்டது, சரி.

ஆகஸ்ட் 9
அப்பா பேசினார். பெங்களூரில் இந்த வாரமும் கூலி பாக்கி. கட்டடச் சாரத்தின் மேல் நிற்கும்போது யாரையாவது ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள் என்றேன். "சிமெண்டோட எதுக்குடா? சட்டை மாத்திட்டு எடுத்து அனுப்பறேன்" என்றார்.

வெகுநேரம் தூக்கம் வரவில்லை.

ஆகஸ்ட் 11
தருமபுரியில் பிரிண்ட் போட்டாச்சு. நீலச் சேலைப் படத்தில் அந்த அம்மா லேசாகச் சிரிக்கிறார். அன்றைக்கு நான் கவனிக்கவே இல்லை. இன்னொன்றையும் போட்டேன், உறைக்குள் அடியில் இருக்கிறது. அவரிடம் சொல்லிவிட வேண்டும். நாளை முதல் பஸ்.