ரெமிஷனில் இருப்பவருக்கு ஃப்ளூ ஊசி: கடைசி சிகிச்சை எது, எப்போது முடிந்தது?

ரெமிஷன், அதாவது நோய் அடங்கிய நிலை, என்று டாக்டர் ஃபைலில் எழுதுவது புற்றுநோயின் நிலையை மட்டும்தான். எதிர்ப்பு சக்தி எவ்வளவு திரும்பியிருக்கிறது என்பது தனிக் கணக்கு. ஸ்கேன் சுத்தமாக இருக்கும், வெள்ளை அணுக்களின் எண்ணிக்கையும் நார்மலாக இருக்கும். ஆனாலும் ஃப்ளூ ஊசியை உடம்பு கண்டுகொள்ளாமல் விட்டுவிடலாம். அதனால் ஊசிக்கு முன் கேட்க வேண்டியவை இரண்டே கேள்விகள்: கடைசியாக என்ன மருந்து போனது, அது முடிந்து எத்தனை மாதம் ஆகிறது?

வழக்கமான ஃப்ளூ ஊசியில் உயிருள்ள வைரஸ் கிடையாது. வைரஸின் மேலே முள் போல நீட்டிக்கொண்டிருக்கும் ஹீமக்ளூட்டினின் புரதம், ஒவ்வொரு ஃப்ளூ வைரஸ் வகைக்கும் 15 மைக்ரோகிராம் வீதம் இருக்கிறது. அது தோள் தசையிலிருந்து அக்குள் நிணநீர்க் கணுவுக்குப் போகிறது. அங்கே பி செல் என்ற வெள்ளை அணு அதை அடையாளம் கண்டால் மட்டும் போதாது, உதவி டி செல் என்ற இன்னொரு வகை வெள்ளை அணுவும் கைகொடுக்க வேண்டும். அப்போதுதான் பி செல்கள் வேகமாகப் பெருகி, வைரஸைக் கட்டிப்போடும் புரதமான ஆன்டிபாடியைத் தரமாகத் தயாரிக்கும். கீமோ அடிப்பது இந்தப் பெருகும் செல்களைத்தான். சிகிச்சை முடிந்த சில மாதங்களில் பி செல் எண்ணிக்கை ஏறிவிடும். டி செல் விஷயம் அப்படியில்லை. புது டி செல்களைப் பயிற்றுவிக்கும் தைமஸ் சுரப்பி பெரியவர்களுக்குச் சுருங்கிப்போயிருக்கும் என்பதால் அவை முழுதாக மீள ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாம். குழந்தைகள் சீக்கிரம் தேறுவதற்கு ஒரு முக்கியக் காரணம் இதுதான்.

ரத்தத்தில் இருக்கும் முக்கிய ஆன்டிபாடி வகையான ஐஜிஜி அளவு நார்மல் என்று ரிப்போர்ட் வந்தால் நிம்மதியாகிவிடுகிறார்கள். ஆனால் எலும்பு மஜ்ஜையில் இருக்கும் பழைய பிளாஸ்மா செல்கள் (ஆன்டிபாடி தயாரிக்கும் செல்கள்) பெருகாதவை. கீமோவுக்குப் பெரும்பாலும் தப்பிவிடும். அவை பழைய ஆன்டிபாடியைத் தயாரித்துக்கொண்டே இருக்கும். பழைய பாடம் நினைவிருக்கிறது, புதுப் பாடம் ஏறுமா என்பதுதான் கேள்வி. ஃப்ளூவோ ஒவ்வொரு வருடமும் உருமாறி வருகிற வைரஸ்.

ஊசி வேலை செய்ததா என்று ஆய்வுக்கூடத்தில் பார்க்கும் முறை எளிமையானது. சீரத்தை (ரத்தத்திலிருந்து பிரித்த தெளிந்த நீரை) 10 மடங்கு, 20 மடங்கு, 40 மடங்கு என்று இரட்டித்துக்கொண்டே நீர்க்கச் செய்து, தட்டின் குழிகளில் வைரஸோடு கலந்து, பிறகு சிவப்பணுக்களைச் சேர்ப்பார்கள். ஆன்டிபாடி வைரஸைக் கட்டிப்போட்டால் சிவப்பணுக்கள் குழியின் அடியில் பொட்டு வைத்தது போல உட்காரும். கட்டவில்லை என்றால் வலை மாதிரி பரவி நிற்கும். 40 மடங்கிலும் பொட்டு உட்கார்ந்தால், தொற்று வாய்ப்பு சுமார் பாதியாகக் குறையும் என்பது வழக்கமான கணக்கு. ஆனால் அது ஆரோக்கியமான பெரியவர்களை வைத்து எடுத்த அளவுகோல். புற்றுநோய் சிகிச்சை பெற்றவருக்கு அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. அதனால் நோயாளிகளுக்கு இந்த டெஸ்டை வழக்கமாக எடுப்பதில்லை; காசு கொடுத்து எடுத்தாலும் செய்யப்போவது ஒன்றுதான், அடுத்த சீசனில் மறுபடியும் ஊசி.

மார்பகம், குடல் போன்ற கட்டிகளுக்குக் கீமோ முடித்து மூன்று மாதம் தாண்டியவர்களுக்குப் பலன் ஓரளவு நன்றாகவே கிடைக்கும். ஹார்மோன் மாத்திரை மட்டும் சாப்பிடுபவர்கள் தயங்கவே வேண்டாம். சிக்கல், லிம்போமா போன்ற ரத்தப் புற்றுநோய்களுக்குக் கொடுக்கும் ரிட்டுக்ஸிமாப் மருந்து போட்டவர்களுக்குத்தான். அது பி செல்களையே துடைத்துவிடுகிறது. கடைசி டோஸிலிருந்து ஆறு மாதமாவது ஆன்டிபாடி வருவது கஷ்டம், பலருக்கு ஒரு வருடம் வரை இழுக்கும். நோயாளியின் டி செல்களையே மாற்றியமைத்துப் புற்றுநோயைத் தாக்க வைக்கும் கார்-டி சிகிச்சைக்குப் பிறகும் இதே கதைதான். நாள்பட்ட லிம்போசைட்டிக் லுக்கேமியா என்ற ரத்தப் புற்றுநோயில் நோய் அடங்கியிருந்தாலும் ஊசிக்கு உடம்பு தரும் பதில் பலவீனமாகவே இருக்கும், ஏனென்றால் அங்கே கெட்டுப்போனதே பி செல். ஸ்டெம் செல் மாற்று செய்தவர்களுக்கு ஆறாவது மாதத்திலிருந்து ஆரம்பித்து வருடாவருடம் போடுவது வழக்கம். ஊரில் ஃப்ளூ பரவிக்கொண்டிருந்தால் நான்காவது மாதத்திலேயே போட்டு, பிறகு இன்னொரு டோஸ் கொடுப்பார்கள்.

பலன் குறைவாக இருக்கும் என்பதற்காகச் சீசனைத் தவறவிடுவது தப்புக் கணக்கு. அரைகுறைப் பாதுகாப்பும் நிமோனியாவைத் தடுக்க உதவலாம். வகைக்கு 60 மைக்ரோகிராம் கொண்ட ஹை-டோஸ் ஊசியோ, எதிர்ப்பு சக்தியைத் தூண்டும் துணைப்பொருள் சேர்த்த ஊசியோ கிடைத்தால் உங்களுக்குப் பொருந்துமா என்று டாக்டரிடம் கேளுங்கள். மூக்கில் அடிக்கும் ஸ்ப்ரே மட்டும் வேண்டாம், அதில் இருப்பது பலவீனமாக்கப்பட்ட உயிருள்ள வைரஸ்.

ஊசி போடும் இடத்திலும் சில விஷயங்கள் உண்டு. ரத்தத்தை உறையவைக்கும் பிளேட்லெட் குறைவாக இருந்தால் 23 கேஜ் அல்லது அதைவிட மெல்லிய ஊசி, பிறகு தேய்க்காமல் இரண்டு நிமிடம் அழுத்திப் பிடிப்பது. ஒரு பக்க அக்குள் கணுக்களை எடுத்தவர்கள் மறு கையில் போட்டுக்கொள்ளலாம். ஊசிக்குப் பின், போட்ட பக்கத்து அக்குள் கணு வீங்கி, பெட் ஸ்கேனில் நோய் திரும்பியது போல ஒளிரலாம். எந்தக் கை, எந்தத் தேதி என்று ஸ்கேன் எடுப்பவரிடம் முதலிலேயே சொல்லிவிட்டால் வீண் பயாப்ஸி மிச்சம். ஊசியால் வரும் லேசான காய்ச்சல் ஓரிரு நாளில் அடங்கும். ஆனால் நியூட்ரோஃபில் (பாக்டீரியாவை எதிர்க்கும் வெள்ளை அணு) குறைவாக இருப்பவருக்கு 38 டிகிரி செல்சியஸ் தொட்டால், ஊசிக் காய்ச்சல்தான் என்று பாராசிட்டமால் போட்டுக்கொண்டு படுத்துவிடக் கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குப் பேச வேண்டும்.

ஆன்டிபாடி வர இரண்டு வாரம் ஆகும் என்பதால், வீட்டில் இருப்பவர்களும் சீசனுக்கு முன்பே போட்டுக்கொள்வது நல்லது. இதையெல்லாம் மீறி இருமலும் காய்ச்சலும் வந்தால், ஊசி போட்டாச்சே என்று காத்திருக்க வேண்டாம். ஃப்ளூ வைரஸுக்கு எதிரான மருந்தான ஒசெல்டாமிவிரை முதல் 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் முழுப் பலன். பெரியவர்களுக்கு 75 மில்லிகிராம், நாளுக்கு இரண்டு வேளை, ஐந்து நாள். சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு டாக்டர் அளவைக் குறைப்பார்.