முப்பது டாலர் சம்பளம்

பொருளாதாரப் பெருமந்தத்தின் நடுவே, 1933இல் அமெரிக்க அதிபர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் தொடங்கிய சிவிலியன் கன்சர்வேஷன் கார்ப்ஸ் என்னும் இயற்கைவளப் பாதுகாப்புப் படையைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம், அதன் சம்பள ஏற்பாடுதான் என்னை முதலில் ஈர்க்கிறது. மாதம் 30 டாலர். அதில் ஏறத்தாழ 25 டாலர் நேரே வீட்டுக்குப் போய்விடும். குழுவை நடத்தும் திறமை காட்டியவர் உதவித் தலைவராகி 36 டாலரும், தலைவராகி 45 டாலரும் பெறலாம். பொறுப்புக்கு இப்படி வெளிப்படையாக விலை வைத்தது எனக்குச் சரியாகவே படுகிறது.

மரம் நடுதல், காட்டுத்தீயை அணைத்தல், பூங்காக்களில் பாதை அமைத்தல் எனப் பகலெல்லாம் உழைத்த இளைஞர்களில் பலர், மாலையில் முகாமிலேயே எழுத்தறிவும் கைத்தொழிலும் கற்றார்கள். 1942 வரை ஏறத்தாழ 30 லட்சம் பேர் அதில் பணியாற்றினார்கள். ஆனால் பெண்களுக்கு அதில் இடமில்லை. கறுப்பின இளைஞர்கள் பெரும்பாலும் தனி முகாம்களிலேயே வைக்கப்பட்டார்கள்.