பிலாத்து எதுக்குப்பா அதுல?

மகளுக்கு அடுத்த மாசம் சபையில திடப்படுத்தல், குழந்தையில எடுத்த ஞானஸ்நானத்தை இப்ப அவளே வாயால ஏத்துக்கிற சடங்கு. நேத்து ராத்திரி கரண்டு போச்சு. மெழுகுவர்த்தி வெளிச்சத்துல விசுவாசப் பிரமாணம், அதான் ஆராதனையில எல்லாரும் சேர்ந்து சொல்லுற விசுவாச அறிக்கை, ஒப்பிச்சுட்டு இருந்தவ, பொந்தியு பிலாத்து பேரு வந்ததும் நிறுத்திட்டா.

"எப்பா, பேதுரு பேரு இல்ல, பவுல் பேரு இல்ல. இந்த ஆளுக்கு மட்டும் எதுக்கு இடம்?"

முப்பது வருஷமா ஞாயிறுதோறும் எழும்பி நின்னு சொல்லுறேன், யோசிச்சதே இல்ல. கொஞ்சம் தடுமாறிட்டு சொன்னேன்: "தேதி போடுற மாதிரி மக்களே. இயேசு சிலுவையில அறையப்பட்டது ஒரு ஊர்ல ஒரு ராஜான்னு சொல்லுற கதையில்ல, இன்ன ரோம அதிகாரி காலத்துல நடந்ததுன்னு."

அடுத்தது 'பொதுவான திருச்சபை'. "கோட்டாறு சவேரியார் கோயில்காரங்களும் அதுல உண்டா?" அவங்க கத்தோலிக்கர்தான், ஆனா உண்டுன்னேன். அடுக்களைல இருந்து அவ அம்மா, "நாம சி.எஸ்.ஐ.ல்லா!"ன்னா. அந்த சி.எஸ்.ஐ., அதான் தென்னிந்திய திருச்சபையே, 1947 செப்டம்பர் 27-ல ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், தென்னிந்திய ஐக்கிய சபை எல்லாம் சேர்ந்து உண்டானதுதான். மயிலாடி ஊர்க்காரர் வேதமாணிக்கம் கூப்பிட்டு 1806-ல மிஷனெரி ரிங்கல்தௌபே வந்தப்ப இந்தப் பேரே கிடையாது. அம்மாகிட்ட இதைச் சொல்லல. ராத்திரி சோறு வேணும்.

'பரிசுத்தவான்களின் ஐக்கியம்', 'பாவமன்னிப்பு' ரெண்டையும் வேகமா முடிச்சுட்டா.

'சரீரம் உயிர்த்தெழுதலும்' வந்ததும் மறுபடி நின்னா. கல்லறைத் தோட்டத்துல ஆச்சியை வச்சு இன்னும் வருஷம் திரும்பல.

"அப்போ ஆச்சிக்க முட்டு வலி இருக்காதுல்லா?"

கரண்டு வந்துட்டு. மெழுகுவர்த்தியை அம்மாதான் வந்து ஊதி அணைச்சா.