வாயில் வந்த பிறகுதான் கையில்

செனகல் நாட்டில் சபார் என்றொரு மேளம் இருக்கிறது. ஒரு கையில் மெல்லிய தடி, மற்றது வெறுங்கை. யூடியூபில் அதை முதன்முதல் பார்த்தபோது படுத்திருந்த நான் எழும்பி உட்கார்ந்துவிட்டேன், ஏனென்றால் தடியும் விரலும் சேர்ந்து பேசும் மேளம் உலகத்திலேயே எங்கள் தவில் ஒன்றுதான் என்று யாழ்ப்பாணத்து இணுவிலில் வளர்ந்த நான் அதுவரை நம்பியிருந்தேன். டக்கார் நகரத்து டூடூ என்தியாய் ரோஸ் (1930–2015) ஒரு பெரிய மேளக் கூட்டத்தையே நடுவில் நின்று நடத்தும் பழைய காணொளிகள் கிடைக்கின்றன, கட்டாயம் தேடிப் பாருங்கள். அந்த மனிதர் உடம்பு முழுவதும் தாளம்.

அன்றிலிருந்து இரவுச் சாப்பாடு முடிந்ததும் ஒவ்வொரு நாட்டு இசையாகத் தேடிக் கேட்பது பழக்கமாகிவிட்டது. ஸ்பெயினின் ஃபிளமெங்கோ, ஜோர்ஜியாவில் பல குரல்கள் சேர்ந்து பாடும் பாட்டு என்று நிறையக் கேட்டேன், எல்லாம் நல்லதுதான். ஆனால் மனதைப் பிடித்துக்கொண்டது ஒரே விஷயம்: எத்தனையோ ஊர்களில் வாத்தியத்தை முதலில் வாயால்தான் கற்றுக்கொடுக்கிறார்கள்.

ஜப்பானில் தைக்கோ மேளத்துக்குச் சொற்கட்டு இருக்கிறது. ‘டொன்’ என்றால் தோலின் நடுவில் ஓங்கி ஓர் அடி, ‘கா’ என்றால் விளிம்பில், ‘டொகொ’ என்றால் விரைவாக இரண்டு அடி. அந்த முறைக்குக் குச்சி ஷோகா என்று பெயர். எங்களுக்குக் குச்சி என்றால் தடி, அவர்களுக்குக் குச்சி என்றால் வாய்! ஸ்காட்லாந்தில் இன்னும் அதிசயம். அங்கே பாக்பைப் வாசிப்பையே பாடித்தான் கற்பித்திருக்கிறார்கள், ஸ்கை தீவின் மக்ரிமன் குடும்பம் தலைமுறை தலைமுறையாக அப்படித்தான் சீடர்களை உருவாக்கியது. அந்தச் சொற்களில் உயிரெழுத்துகள் சுரத்தைக் காட்டும், மெய்யெழுத்துகள் இடையில் விழும் சின்ன அலங்காரங்களைக் காட்டும். உயிரும் மெய்யும் என்று படித்து வளர்ந்த எங்களுக்கு இதை யாரும் விளக்கவே தேவையில்லை. சபாருக்கும் இப்படி வாய்ச்சொற்கள் உண்டு.

எங்கள் வீட்டுக்கு இரண்டு வளவு தள்ளி ஒரு தவில்காரர் இருக்கிறார், சின்ன வயதிலிருந்தே மாமா என்றுதான் கூப்பிடுவேன். அவரிடம் பழக வரும் பெடியள் விடியக் காலையில் விறாந்தையில் வரிசையாக இருந்து தொடையில் தாளம் போட்டு ‘தா தீ தொம் நம்’ சொல்வது எங்கள் குசினி வரைக்கும் கேட்கும். தவில் சுவரோரம் உறை போட்டபடி இருக்கும், யாரும் தொட முடியாது. “வாயில வந்தாத்தான் கையில வரும்” என்பார். அவரை நான் மிகவும் கண்டிப்பானவர் என்று நினைத்திருக்கிறேன். இப்போது பார்த்தால், டக்காரிலும் ஜப்பானிலும் அவருடைய ஆட்கள்தான் இருக்கிறார்கள்.

போன ஞாயிறு பின்னேரம் தொலைபேசியைக் கொண்டுபோய் அவரிடம் சபாரைப் போட்டுக் காட்டினேன். கோவில் மேளச் சமா ஒன்றுக்காக, தவில் அடிக்கும் விரல்களுக்குப் புதுக் கூடு கட்டிக்கொண்டிருந்தார். துணிநாடாவில் மாப்பசையைத் தடவி, விரலில் சுற்றிச் சுற்றி, நுனியை அழுத்தி, காயும்வரை கையை விரித்தபடியே வைத்திருக்க வேண்டும், காய்ந்த பிறகு கல்லு மாதிரி இறுகிவிடும். அதனால் தொலைபேசியை நான்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். தவில் மேதை யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தியின் (1933–1975) பழைய ஒலிப்பதிவுகளை எத்தனையோ வருடமாகக் கண்ணை மூடிக் கேட்டுப் பழகிய மனிதர், இதையும் கண்ணை மூடித்தான் கேட்டார். பார்க்கச் சொன்னேன், கேட்கவில்லை.

“இன்னொருக்கா போடு.”

இரண்டாம் தரம் இடது முழங்காலில் தாளம் விழத் தொடங்கியது. மூன்றாம் தரம் வாய் திறந்தது. செனகல்காரர் அடிக்க அடிக்க, அவர் ‘தரிகிட தொம், கிடதக தொம்’ என்று பின்னாலேயே ஓடினார், இரண்டு இடத்தில் தடுக்கினார், தலையை ஆட்டிவிட்டு மறுபடி தொடங்கினார், நாலாம் தரம் தடுக்கவில்லை. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அந்த நாட்டையோ மொழியையோ அவருக்குத் தெரியாது, ஆனால் அந்த மேளம் சொன்னதை ஒரு சொல் விடாமல் திருப்பிச் சொல்லிவிட்டார்.

அப்புறம்தான் கண்ணைத் திறந்து படத்தைப் பார்த்தார். பக்கத்தில் கொண்டுவரச் சொல்லி வடிவாகப் பார்த்தார்.

“இவருக்குத் தடி வலக்கையிலயே? எங்களுக்கு இடக்கையில எல்லோ. ரெண்டு கையும் ஒரே தோலில போகுது, பாத்தியே? அப்ப தொப்பி, வலந்தலை எண்டு ரெண்டுபக்கம் இல்ல இதுக்கு.” கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். “தம்பி, நாளைக்கு விடிய இதை ஒருக்கா கொண்டு வா. பெடியளுக்குச் சொல்லிக் குடுப்பம்.”

திங்கட்கிழமை காலை தேத்தண்ணியோடு குசினியில் நின்றேன். விறாந்தையிலிருந்து ஆறு பெடியளின் வாயில் டக்கார் வந்துகொண்டிருந்தது.