கோ கேஜ் ஏறாத லாட்

ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு போல்ட் ஷாப்பில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது ஊர் வேலூர் மாவட்டத்தில் இருந்தது. மெஷினில் அளவு வைத்து ஓட்டிவிடும் எங்கள் செட்டர் அண்ணாவுக்கோ அப்போதும் நார்த்தாற்காடுதான். 1989-இல் மாவட்டம் பிரிந்ததையே அவர் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. ஆற்காட்டிலிருந்து பாலாற்றுப் பாலம் தாண்டி சைக்கிளில் வருவார். தோல் ஷாப் வாடை எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதை வைத்து மழை வருமா என்று சொல்வார். மெஷின் சத்தத்தை வைத்து போல்ட் அளவு ஏறிவிட்டதா என்றும் சொல்வார். முதலாவது பாதி நாள் தப்பும். இரண்டாவது தப்பி நான் பார்த்ததில்லை.

டிப்ளமாவில் நான் பழகியது லேத்தில் மரை வெட்டுவது. 60 டிகிரி டூல், டூலை நகர்த்தும் அரை நட்டைச் சரியான கோட்டில் போட வேண்டுமே என்ற பதற்றம், சுருள் சுருளாக விழும் இரும்புச் சீவல். மரை என்றால் வேண்டாததை வெட்டி எடுப்பது என்றுதான் மனதில் பதிந்திருந்தது. இங்கே மரையை உருட்டி எடுக்கும் திரெட் ரோலிங் மெஷினுக்குக் கீழே பார்த்தால் சீவலே இல்லை. "வெட்டினதெல்லாம் எங்கண்ணா போகுது?" என்று கேட்டேன்.

"எங்க போவும்? வெட்டினாத்தானே போறதுக்கு. பள்ளத்துல இருந்தது மேட்டுல ஏறி நிக்குது, அவ்ளோதான்."

டைகள், அதாவது மரை வரி பதித்த அச்சுகள், இரண்டு. ஒன்று அசையாது, மற்றது ஓடும். நடுவில் மாட்டும் பிளாங்க் (மரை விழாத வெறும் தண்டு), உள்ளங்கைகளுக்கு நடுவே விளக்குத்திரி உருட்டுவதுபோல ஆறேழு சுற்று உருண்டு, மரையோடு வெளியே விழும். நிமிடத்துக்கு நூறுக்கு மேல். 10 மில்லி போல்ட்டுக்கு மரை விழும் இடத்தில் 9 மில்லிக்கும் சற்றுக் குறைந்த தண்டு போதும். மீதி உயரம் உருட்டும்போது எழும்பிக்கொள்ளும். ஒன்பதொன்பது 81, பத்துப்பத்து 100. அந்த இடத்தில் மட்டும் இரும்பில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு மிச்சம். இரும்புக்குள் ஓடும் இழையும் அறுபடாமல் மரையோடு வளைந்து போவதால் பலமும் கூடுதல்.

வெட்டுவது எங்கள் ஷாப்பில் நட்டுக்கு மட்டும். அந்த மெஷினை நான் வேலை நேரத்திலேயே நின்று வேடிக்கை பார்த்திருக்கிறேன். நட்டுக்குள் மரை வெட்டும் டேப்பின் வால் வளைந்திருக்கும். மரை விழுந்த நட்டுகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு அந்த வால் மேல் ஏறி, வளைவு தாண்டிக் கீழே கொட்டும். டேப் திரும்பிச் சுற்ற வேண்டிய வேலையே இல்லை. யார் யோசித்தாரோ, நல்ல மூளை.

சரி, என் கதைக்கு வருகிறேன். ஒரு சித்திரை மாதம், அண்ணா மகள் சீமந்தத்துக்காகக் குடியாத்தம் போயிருந்தார். செட்டிங் என் பொறுப்பு. எம்8 (8 மில்லி) போல்ட், வலிமைக்கு 8.8 கிரேடு, மேலே ஜிங்க் பிளேட்டிங், அதாவது துத்தநாகப் பூச்சு. மத்தியானம் புது கம்பிக் காயில் மாற்றியதும் பிளாங்க் கொஞ்சம் தடித்துவிட்டது. ரோலிங்கில் இது விளையாட்டில்லை. பிளாங்கில் நூறில் ஒரு பங்கு மில்லி கூடினால் மரையின் வெளிவிட்டம் அதைப்போல மூன்று நான்கு மடங்கு கூடும். டை நிறைந்தபிறகு இரும்பு போக இடமிருக்காது, டையைத்தான் பிளக்கும். மெஷின் முனகல் கனத்ததை நானும் கேட்டேன். ஆனால் கோ ரிங் கேஜ், அதாவது அளவு சரியாக இருந்தால் போல்ட் மேல் திருகி ஏற வேண்டிய சோதனை வளையம், ஏறியது. இறுக்கமாகத்தான் ஏறியது. ஏறுகிறதே, அப்புறம் என்ன என்று விட்டுவிட்டேன்.

அன்று ஓட்டிய லாட் மொத்தமும் பிளேட்டிங் முடிந்து போய், வாங்கியவர் ஷாப்பிலிருந்து அப்படியே திரும்பியது. இரண்டு சுற்று ஏறி கேஜ் நின்றுவிடுகிறதாம்.

காகிதம் எடுத்துக் கணக்குப் போட்டபோதுதான் புரிந்தது. பூச்சு 10 மைக்ரான், அதாவது நூறில் ஒரு பங்கு மில்லி. உருளைத் தண்டாக இருந்தால் விட்டம் 20 மைக்ரான் ஏறும். மரைக்கோ இரு பக்கமும் சாய்வு. 60 டிகிரி மரையில் எஃபெக்டிவ் விட்டம் (மரையின் மேட்டுக்கும் பள்ளத்துக்கும் நடுவில் அளப்பது) பூச்சைப்போல நான்கு மடங்கு ஏறும், அதாவது 40 மைக்ரான். நான் ஓட்டியது 7.155 மில்லி. பூச்சு ஏறியதும் 7.195. பூசிய போல்ட்டுக்கு உச்சவரம்பு 7.188.

அண்ணா வந்ததும், "வெயிலு 41 டிகிரிண்ணா, போல்ட் உப்பியிருக்கும்" என்று ஒரு போடு போட்டேன். அவர் சிரிக்கக்கூட இல்லை.

"கேஜை இன்னா ஊட்டியிலயா வெச்சிருந்த? போல்ட் உப்புனா கேஜும்தான்பா உப்பும்."

பிறகு நானே பார்த்தேன். 20 டிகிரிக்கும் 41-க்கும் 8 மில்லி இரும்பு நீள்வது 2 மைக்ரான்கூட இல்லை.

பூச்சை உரித்து, மெலிதாக மறுபடி போட்டு, ஒவ்வொன்றாகக் கேஜ் போட வேண்டியதாயிற்று. பேக்கிங் அக்காக்கள் இரண்டு பேரும் நானும் இரண்டு ராத்திரி உட்கார்ந்தோம். ரிங் கேஜ் திருகித் திருகிக் கட்டைவிரல் தோல் உரிந்தது. செட்டிங் கார்டில் பிளேட்டிங் லாட்டுக்கு மேல்வரம்பு 7.130 என்று சிவப்பு மையில் எழுதி ஒட்டியதும் அந்த ராத்திரியில்தான்.

இரண்டாம் நாள் விடியற்காலை அண்ணா டீ கொண்டுவந்து மேஜையில் வைத்தார்.

"ஏறுதா?"

"ஏறுதுண்ணா."

"அது தெரியுது. எப்படி ஏறுது?"